இருபது கூடு, எத்தனை குருவி?

தூக்கணாங்குருவியைப் பார்க்க நீங்கள் காட்டுக்குள் போகவேண்டியதில்லை. பொங்கோல் கிழக்கில் இலகு ரயிலில் ரிவியேரா நிலையத்தில் இறங்கி, நீர்வழியை ஒட்டி நடந்து, செந்நிறப் பாலத்தைக் கடந்தால் லோரோங் ஹாலுஸ் சதுப்புநிலம் வந்துவிடும். சிராங்கூன் நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையில் உள்ள இந்த இடம் ஒரு காலத்தில் குப்பை கொட்டும் நிலமாக இருந்தது. 1999 மார்ச் மாதம் அது மூடப்பட்டு, நம் குப்பை செமாக்காவ் தீவுக்குப் போகத் தொடங்கியது. மண்ணுக்கடியில் புதைந்த குப்பையிலிருந்து கசியும் நீர் நீர்த்தேக்கத்தில் கலந்துவிடாமல் இருக்க, அதை நாணலும் சம்பும் வளர்ந்த குட்டைகள் வழியாக விட்டுச் சுத்தப்படுத்தும் ஏற்பாடுதான் 2011ல் திறக்கப்பட்ட சதுப்புநிலம். குட்டைக்கு அருகே உயரமான புல், புல்லுக்கு அருகே மரம். தூக்கணாங்குருவிக்கு இவ்வளவு போதும்.

வடமேற்கில் கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் ஓரமாக இருக்கும் கிராஞ்சி சதுப்புநிலமும் நல்ல இடம். 56.8 ஹெக்டர் பரப்பளவு கொண்ட அது 2016ல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் உட்பகுதிக்கு வழிகாட்டியோடுதான் போகமுடியும். வெளிப்பகுதியில் நீங்களே நடக்கலாம். ஜொகூரிலோ கோலசிலாங்கூரிலோ இருப்பவர்களுக்கு வயல் ஓரமே போதும். மலாயில் இந்தக் குருவிக்கு ‘தெம்புவா’ என்று பெயர்.

இந்த வாரப் பாடம் குருவியை அடையாளம் காண்பதோடு முடியாது. மரத்தில் இருபது கூடுகள் தொங்குகின்றன. அப்படியானால் அங்கே எத்தனை குருவிகள் குடும்பம் நடத்துகின்றன? கேட்பதற்கு எளிதான கேள்வி. “இருபது இணைகள், ஆக நாற்பது குருவிகள்” என்று சொல்லத் தோன்றும். அந்த விடை ஏறக்குறைய எப்போதுமே தவறு. ஏன் தவறு என்பதைப் புரிந்துகொண்டால் இந்தப் பறவையின் வாழ்க்கை முழுவதும் புரிந்துவிடும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்

சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். தடித்த கூம்பு போன்ற அலகு. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் உச்சந்தலை பளிச்சென்ற மஞ்சளாகவும் முகம் முகமூடி போட்டதுபோல் கரும்பழுப்பாகவும் இருக்கும். தமிழ்நாட்டில் இதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு சிறு குழப்பம் வரலாம். அங்குள்ள ஆணுக்கு மார்பிலும் மஞ்சள் பூசியிருக்கும். மலாயாத் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் உள்ள துணையினத்தில் ஆணின் மார்பு வெளிறிய பழுப்பாக இருக்கும். மஞ்சள் தலையோடு நின்றுவிடும். வேறு குருவியோ என்று ஐயப்படவேண்டாம்.

பெண் குருவி முழுவதும் பழுப்பு. முதுகில் கருங்கோடுகள், கண்ணுக்கு மேலே வெளிறிய புருவம். நம் புளோக்குகளின் கீழே சுற்றும் சிட்டுக்குருவியோடு குழப்பிக்கொள்வது இந்தப் பெண்ணைத்தான். கன்னத்தைப் பாருங்கள். இங்குள்ள சிட்டுக்குருவிக்கு வெள்ளைக் கன்னத்தில் ஒரு கரும்பொட்டு இருக்கும். தூக்கணாங்குருவிக்கு அது கிடையாது. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆணும் மஞ்சளை இழந்து பெண்ணைப்போலவே ஆகிவிடும். ஆகவே ஆண், பெண் எண்ணிக்கையை எடுக்கவேண்டுமென்றால் கூடு கட்டும் காலத்தில்தான் எடுக்கமுடியும்.

சிங்கப்பூரில் இதன் உறவினர்கள் சிலரும் உண்டு. மார்பில் அழுத்தமான கருங்கோடுகள் இருந்தால் அது இன்னொரு நெசவுக்குருவி. தலை முழுவதும் கறுப்பாக, முதுகு பொன்னிறமாக இருந்தால் அது ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இவை கூண்டுப் பறவை வணிகம் வழியாக வந்து, தப்பியோ விடப்பட்டோ இங்கே தங்கிவிட்டவை. நம் தூக்கணாங்குருவி இந்த மண்ணுக்கு உரியது. அதன் அறிவியல் பெயர் புளோசியஸ் ஃபிலிப்பினஸ். 1766ல் லின்னேயஸ் இட்ட பெயர். வேடிக்கை என்னவென்றால், பிலிப்பீன்சில் இந்தப் பறவை இயற்கையாக வாழ்வதே இல்லை. ஆனாலும் முதலில் இட்ட பெயரே நிலைக்கவேண்டும் என்பது விதி.

இதைப் ‘பாடும் பறவை’ வகையில் சேர்க்கிறார்கள் என்றால் மாணவர்கள் சிரிப்பார்கள். கூட்டமாகச் ‘சிட் சிட்’ என்று அரட்டை அடிக்கும். நடுவே மூச்சிரைப்பதுபோல் நீளமாக ஒரு ‘சீ...ஈ...ஈ’. இதில் பாட்டு எங்கே? அறிவியலில் பாடும் பறவை என்பது இனிமையைப் பொறுத்ததன்று. குரலுறுப்பின் அமைப்பைப் பொறுத்தது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் பறவைகளுக்குச் ‘சிரிங்ஸ்’ என்ற உறுப்பு இருக்கிறது. அதை இயக்கும் தசைகள் நுட்பமாக வளர்ந்திருக்கும் பெரும் பிரிவே பாடும் பறவைகள். காகமும் அந்தப் பிரிவுதான். குயில் அந்தப் பிரிவில் இல்லை! வகுப்பில் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், நல்ல விவாதம் நடக்கும்.

பிடிஓ வீடு கட்டும் ஆண்

கூடு கட்டுவது ஆணின் வேலை. கினிப்புல், கோரை, தென்னை அல்லது பனையின் ஓலை இவற்றிலிருந்து நார் கிழிக்கும். எப்படிக் கிழிக்கிறது என்பதைத் தொலைநோக்கியில் பார்ப்பதற்கே ஒரு காலை நேரத்தைச் செலவிடலாம். இலையின் அடிப்பகுதியில் அலகால் ஒரு வெட்டு. வெட்டிய முனையைக் கவ்விக்கொண்டு மேல்நோக்கிப் பறக்கும். பறக்கும் விசையில் நார் இலையின் நீளத்துக்குக் கிழிந்து வரும். வாலைப்போல் ஒரு பச்சை நாடாவை இழுத்துக்கொண்டு ஒரு குருவி மரத்தை நோக்கிப் பறந்தால், அதைப் பின்தொடருங்கள். உங்கள் மரம் கிடைத்துவிட்டது.

நார் பச்சையாகத்தான் இருக்கவேண்டும். பச்சை நார் வளையும், முடிச்சுக்கு இணங்கும். பிறகு காய்ந்து இறுகும். கிளை நுனியில் முதலில் நாரைச் சுற்றிச் சுற்றி ஒரு முடிச்சு. அதிலிருந்து கீழே ஒரு வளையம். வளையத்தின் மீது நின்றுகொண்டு மேலே கூரை வேய்ந்தால் தொப்பி வடிவம் வரும். போர்வீரனின் தலைக்கவசம் மாதிரி. தாடைப் பட்டை போல அடியில் ஒரு குறுக்குப் பாலம். பாலத்தின் ஒருபக்கம் முட்டை அறை ஆகப்போகிறது, மறுபக்கம் வாசல் ஆகப்போகிறது.

இந்தத் தொப்பிக் கட்டத்துக்கு வர ஏறத்தாழ எட்டு நாள் ஆகும். வந்ததும் ஆண் வேலையை நிறுத்திவிடும். பாதிக் கூட்டில் தொங்கிக்கொண்டு சிறகை அடித்து, அந்த நீளமான ‘சீ...ஈ’யைக் கத்தும். பெண் குருவிகள் கூட்டமாக வந்து பார்க்கும். ஒன்று உள்ளே நுழைந்து பாலத்தில் உட்காரும், நாரை இழுத்துப் பார்க்கும், வெளியே வரும், அடுத்த கூட்டுக்குப் போகும். பிடித்திருந்தால் தங்கும். அதன்பிறகுதான் ஆண் முட்டை அறையை மூடி, கீழ்நோக்கிய நீண்ட குழலை நெய்து கூட்டை முடிக்கும். சிங்கப்பூர் வாசகர்களுக்கு இதை விளக்க உவமை தேடி அலையவேண்டாம். முன்பதிவு வந்த பிறகு கட்டி முடிக்கும் பிடிஓ வீடுதான் இது. சாவி வாங்கிய பிறகு உள்ளலங்காரம் பெண்ணின் பொறுப்பு; மென்மையான பொருள்களை உள்ளே பரப்புவது பெரும்பாலும் அதுதான்.

யாருக்கும் பிடிக்காத தொப்பி? அப்படியே தொங்கும். காயும். ஆண் அதைக் கைவிட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்றைத் தொடங்கும். பெண் எதைப் பார்த்து முடிவு செய்கிறது என்பதை இந்தியாவில் ஆராய்ந்தவர்களுக்கு ஒரு வியப்பான விடை கிடைத்தது. நெசவின் நேர்த்தியைவிடக் கூடு தொங்கும் இடமே முக்கியமாக இருந்தது: உயரமான இடம், மெல்லிய கிளை. பாம்பும் ஓணானும் எளிதில் வந்து சேரமுடியாத இடம் என்று நாம் புரிந்துகொள்ளலாம். நல்ல வட்டாரம் என்றால் வீட்டின் சின்னக் குறைகளைப் பொறுத்துக்கொள்கிறோம் அல்லவா?

இனி முக்கியமான செய்தி. ஒரு பெண் முட்டை இட்டதும் ஆண் அங்கே உட்கார்ந்து காவல் காப்பதில்லை. அடுத்த தொப்பியைக் கட்டி அடுத்த பெண்ணை அழைக்கும். ஓர் ஆணுக்கு ஒரு பருவத்தில் பல கூடுகள், ஒன்றன்பின் ஒன்றாகப் பல பெண்கள். இதை முதலில் கண்டு சொன்னவர் இந்தியாவின் பறவையியலாளர் சாலிம் அலி. ஜெர்மனியில் பயிற்சி முடித்து 1930ல் ஊர் திரும்பியபோது அவர் பார்த்துவந்த வேலை பணப் பற்றாக்குறையால் நீக்கப்பட்டிருந்தது. மும்பைக்கு அருகே கீஹிம் என்ற கடலோரச் சிற்றூரில் மனைவியோடு குடியேறினார். வீட்டுக்கு அருகே ஒரு மரத்தில் தூக்கணாங்குருவிக் கூட்டம். வேறு வேலை இல்லாததால் அதைப் பார்த்தார், நாள்தோறும் பார்த்தார். அந்தக் கட்டுரைதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதற்கு முன்பு எத்தனை ஆயிரம் பேர் அந்தக் கூடுகளைப் பார்த்திருப்பார்கள்! எந்தக் குருவி எந்தக் கூட்டுக்குப் போகிறது என்று வரிசையாகக் குறித்துவைத்தவர் அவர்.

எண்ணும் முறை

ஒரு குறிப்பேடு, பென்சில், கைக்கடிகாரம். எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி கிடைத்தால் நல்லது. காலை ஏழேகால் முதல் ஒன்பதரை வரை சிறந்த நேரம். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி, கூடுகளிலிருந்து இருபது, முப்பது மீட்டராவது தள்ளி நில்லுங்கள். நீங்கள் நிற்பதால் குருவிகள் கத்தலை நிறுத்திவிட்டால், நார் கொண்டுவந்த குருவி கூட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கிளையில் தயங்கினால், இன்னும் பின்னால் போங்கள். பறவையின் நடத்தைதான் உங்களுக்கு அளவுகோல்.

முதல் நாள் எண்ணாதீர்கள், வரையுங்கள். மரத்தின் கிளைகளைக் கோடுகளாக வரைந்து ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு எண் கொடுங்கள். அதே இடத்தில் நின்று ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் நின்றால்தான் எது புதிது, எது விழுந்தது என்பது தெரியும்.

ஒவ்வொரு கூட்டுக்கும் இரண்டு குறிப்புகள். ஒன்று வடிவம்: வளையமா, தொப்பியா, அறை மூடிவிட்டதா, குழல் வந்துவிட்டதா. மற்றொன்று நிறம்: பச்சையா, வெளிறிய பச்சையா, பழுப்பா. பச்சை என்றால் இந்த வாரம் வேலை நடக்கிறது. பழுப்பாகவும் தொப்பியாகவும் இருந்தால் விலைபோகாத வீடு. பழுப்பாகவும் குழலோடும் இருப்பதுதான் சிக்கல். அது முட்டையுள்ள கூடாகவும் இருக்கலாம், போன பருவத்துப் பழைய கூடாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே.

இந்த இடத்தில்தான் பொறுமை தேவை. குழல் உள்ள ஒரு கூட்டைத் தேர்ந்தெடுத்து அரைமணி நேரம் அதை மட்டும் பாருங்கள். பெண் உள்ளே போய் நெடுநேரம் வெளியே வரவில்லை என்றால் அடைகாக்கிறது என்று கொள்ளலாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அலகில் புழு பூச்சியோடு வந்து உடனே திரும்பினால் உள்ளே குஞ்சுகள். பெரிய குருவிகள் புல்விதை தின்பவை. ஆனால் வளரும் குஞ்சுக்குப் புரதம் வேண்டும், ஆகவே பூச்சி. அலகில் பூச்சியைப் பார்த்தால் அந்தக் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். அதைவிட உறுதியான சான்று தரையில் நிற்கும் உங்களுக்குக் கிடைக்காது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. மரத்தில் 20 கூடுகள். அவற்றில் 6 பழுப்பேறி அடி கிழிந்தவை. 2 வளையங்கள், 5 தொப்பிகள். மீதி 7 குழல் கூடுகள். அந்த ஏழில் நான்கில் இரை கொண்டுபோவதைப் பார்த்தீர்கள், ஒன்றில் பெண் உள்ளே போய் நெடுநேரம் தங்கியது. இரண்டில் எதுவும் நடக்கவில்லை. ஆக, நீங்கள் எழுதவேண்டியது: “குறைந்தது ஐந்து பெண்கள் கூடுகளைப் பயன்படுத்துகின்றன.” இருபது அன்று. ‘குறைந்தது’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நீங்கள் பார்க்காத நேரத்தில் அந்த இரண்டிலும் ஏதாவது நடந்திருக்கலாம்.

ஆண்களை எண்ண வேறு வழி. மரத்தில் பெண்கள் வந்து இறங்கும்போது ஆண்கள் எல்லாம் அவரவர் தொப்பிகளில் தொங்கி ஒரே நேரத்தில் சிறகடிக்கும். அந்தச் சில நொடிகளில் மஞ்சள் தலைகளை எண்ணுங்கள். காலையில் ஐந்து முறையாவது எண்ணி, கிடைத்ததில் மிகப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுக்கவேண்டாம். ஒளிந்திருக்கும் குருவியால் எண்ணிக்கை குறையுமே தவிர, இல்லாத குருவியால் கூடாது.

கணக்குப் பிடிக்கும் மாணவர்களுக்கு இன்னொன்று. ஒரு கூட்டை முடிக்க ஆண் சுமார் 500 முறைவரை நார் கொண்டுவரும் என்றும், வேலை சுமார் 18 நாள் எடுக்கும் என்றும் நூல்களில் காணலாம். நாளுக்குச் சராசரியாக 28 நடை. ஆனால் நீங்கள் காலையில் பத்து நிமிடம் பார்த்து எட்டு நார் என்று எண்ணினால், அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்தில் 48 ஆகிவிடும்! முரண்பாடு எங்கே? குருவி நாள் முழுவதும் ஒரே வேகத்தில் கட்டுவதில்லை. விட்டுவிட்டுக் கட்டும். தொப்பி முடிந்ததும் பெண்ணுக்காகக் காத்திருக்கும். கொண்டுவரும் நார் எல்லாம் கூட்டில் தங்குவதும் இல்லை, கீழே விழும். பக்கத்து ஆண் இல்லாத நேரம் பார்த்து அதன் கூட்டிலிருந்து நாரை உருவிவரும் திருட்டும் நடக்கும். ஒரே ஆணைக் காலை ஏழரைக்கும் பதினொன்றுக்கும் மாலை ஐந்துக்கும் பத்துப் பத்து நிமிடம் எண்ணிப் பாருங்கள். உங்கள் வரைபடமே விளக்கத்தைச் சொல்லும்.

முட்டைகள் வெண்மையானவை, இரண்டு முதல் நான்கு வரை இடும். அடைகாத்தல் 14 முதல் 17 நாள். குஞ்சுகள் வெளியேற மேலும் சுமார் 17 நாள். கட்டத் தொடங்கியது முதல் குஞ்சு பறக்கும்வரை ஏறக்குறைய ஏழு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, வாரம் ஒருமுறை வீதம் எட்டு முறை போனால் ஒரு கூட்டின் முழுக் கதையும் உங்கள் குறிப்பேட்டில் இருக்கும். ஒரே நாளில் எட்டு மணி நேரம் நிற்பதைவிட இது மேல்.

மின்மினியும் களிமண்ணும்

பாட்டி சொன்ன கதை உங்களுக்கும் நினைவிருக்கும். தூக்கணாங்குருவி கூட்டுக்குள் களிமண்ணை ஒட்டி, அதில் மின்மினிப் பூச்சியைப் பதித்து இரவில் விளக்கேற்றிக்கொள்ளும் என்பார்கள். அழகான கதை. ஆனால் பறவை பகலில் வாழ்வது, இருட்டினால் உறங்கிவிடும். அதற்கு விளக்கு எதற்கு? மின்மினியை யாரும் உள்ளே கண்டு உறுதிசெய்யவில்லை.

களிமண் மட்டும் உண்மை. தொப்பிக் கட்டத்தில் உட்சுவரில் ஈரமண் உருண்டைகளை அப்புகின்றன. எதற்காக? பாரம் சேர்த்துக் காற்றில் கூடு அதிகம் ஆடாமல் இருக்க என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இதை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். நமக்கு ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்பாகவோ காலையிலோ திடீரெனச் சுமத்ராக் காற்று மழையோடு வீசும். அப்படி வீசிய மறுநாள் போய், எந்த வடிவக் கூடுகள் விழுந்தன என்று பாருங்கள். வளையங்களா, தொப்பிகளா, குழல் கூடுகளா? உங்கள் வரைபடம் கையில் இருந்தால் அரைமணி நேர வேலை. விழுந்த கூட்டைப் புரட்டிப் பார்த்து மண் ஒட்டியிருக்கிறதா என்றும் குறித்துக்கொள்ளலாம். பிறகு அதை அங்கேயே விட்டுவிடுங்கள். உள்ளே பேனும் சிலந்தியும் குடியிருக்கலாம் என்பது ஒரு காரணம். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துவரக்கூடாது என்பது மற்றொன்று.

கீழே இருக்கும்போது நெசவையும் பாருங்கள். நெசவுக்குருவிகளின் முடிச்சுகளை ஆராய்ந்த அமெரிக்கத் தம்பதி நிக்கலஸ், எல்சி கொலையஸ் ஆகியோர் 1960களில் ஓர் ஆப்பிரிக்க இனத்தின் இளம் ஆண்களுக்கு நார் எதுவும் கிடைக்காமல் வளர்த்துப் பார்த்தார்கள். பிற்பாடு நார் கொடுத்தபோது அவை ஒழுங்காக நெய்யத் திணறின. இயல்பூக்கம் இருந்தாலும் பழக்கமும் வேண்டும். உங்கள் மரத்தில் கோணல்மாணலாக, ஓட்டைகளோடு ஒரு தொப்பி தொங்கினால் அது ஒரு கற்றுக்குட்டியின் கைவேலையாக இருக்கலாம்.

தெம்புவா தாழக் கட்டினால்

மலாய்ப் பள்ளித் தோழர்களிடம் கேட்டால் ஒரு பழமொழி சொல்வார்கள். ஏதோ ஒன்று இல்லாமல் தெம்புவா தாழ்வாகக் கூடு கட்டுமா என்பது அதன் பொருள். காரணமில்லாமல் ஒருவர் வழக்கத்துக்கு மாறாக நடக்கமாட்டார் என்ற நிலையில் சொல்வார்கள். நம் ‘நெருப்பில்லாமல் புகையாது’ போல. அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன? அதே மரத்தில் குளவிக்கூடு இருக்கும் என்பது மூத்தவர்கள் தரும் விளக்கம். காவலுக்குக் குளவி இருக்கும்போது உயரம் எதற்கு?

இது வெறும் சொல்விளையாட்டன்று. குளவிக்கூடு அல்லது கெரெங்கா எனப்படும் சிவப்பு நெசவெறும்பு உள்ள மரங்களில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதைத் தென்கிழக்காசியாவில் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே குறிப்பேட்டில் இன்னும் இரண்டு பத்திகள் சேர்த்துக்கொள்ளுங்கள்: தரையிலிருந்து உத்தேச உயரம், மரத்தில் எறும்போ குளவியோ உண்டா. உயரத்தை அளக்க மரத்தடிக்குப் போகவேண்டாம். மரத்தருகே நிற்கும் ஒரு விளக்குக் கம்பத்தோடு ஒப்பிட்டால் போதும். குளவி இருந்தால் நிச்சயம் கிட்டே போகாதீர்கள். குருவிக்குத்தான் அது காவல்; நமக்கு மருத்துவமனைச் செலவு.

எதிரிகள் யார்? காகம் கூட்டைக் கிழிக்கும். தோட்டங்களில் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணான் முட்டையையும் குஞ்சையும் தின்னும். பாம்பு குழல் வழியாகவே நுழையும். நீருக்கு மேலே நீண்ட கிளை நுனியைத் தேர்ந்தெடுப்பது இவர்களுக்காகத்தான். நீர்மேல் தொங்கும் கூடுகள் எத்தனை, தரைமேல் எத்தனை என்பதையும் எண்ணலாம். மரத்தின் எந்தத் திசையில் கூடுகள் அதிகம் என்பதும் ஒரு நல்ல கேள்வி. இந்தியாவில் பல மரங்களில் கிழக்குப் பக்கமே நிறைந்திருக்கும். தென்மேற்குப் பருவமழையின் காற்றுக்கு மறைவு என்கிறார்கள். நமக்கு வடகிழக்குப் பருவக்காற்றும் உண்டு, சுமத்ராக் காற்றும் உண்டு. கைப்பேசியின் திசைகாட்டியைத் திறந்து நீங்களே பார்த்துச் சொல்லவேண்டிய விஷயம் இது.

யார் வெட்டுவது புல்லை?

தூக்கணாங்குருவி அழியும் நிலையில் உள்ள இனமன்று. தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பரவலாக இருக்கிறது. ஆனால் ‘பரவலாக’ என்பது உங்கள் பேட்டைக்குப் பொருந்தும் என்று யாரும் உறுதி சொல்லமுடியாது. இந்தக் குருவிக்கு வேண்டியது பூங்காவின் வெட்டிவிட்ட புல்தரை அன்று. ஆளுயரம் வளர்ந்த கினிப்புல், ஓரத்தில் ஓர் அகேசியா மரம், கொஞ்சம் சேறு. அப்படிப்பட்ட இடத்தை நாம் ‘காலி நிலம்’ என்கிறோம். வீடமைப்புத் திட்டமோ சாலையோ தொழிற்பேட்டையோ வரும்வரை அது காலி நிலம். கட்டடம் வரவேண்டாம் என்று இந்தத் தீவில் யாரும் சொல்லிவிடமுடியாது. நாமும் அப்படி ஒரு நிலத்தின்மேல்தான் குடியிருக்கிறோம். ஆனால் அங்கே எத்தனை கூடுகள் இருந்தன, எந்த மாதத்தில் குஞ்சுகள் இருந்தன என்ற பதிவு இருந்தால், மரத்தை எப்போது வெட்டுவது, எந்தப் புல் திட்டை இரண்டு மாதம் விட்டுவைப்பது என்றாவது பேசமுடியும். பதிவு இல்லாவிட்டால் பேச ஒன்றுமில்லை. இந்தக் கணக்கெடுப்பில் எனக்கு இருக்கும் அக்கறை முழுவதும் அங்கேதான்.

உங்கள் எண்களை இபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் நாள், நேரம், இடத்தோடு பதிவுசெய்யலாம். குருவியைப் பார்க்காத நாளையும் பதிவுசெய்யுங்கள். “போனேன், ஒரு மணி நேரம் நின்றேன், ஒன்றும் இல்லை” என்பது ஆய்வாளருக்கு மதிப்புள்ள தகவல். பலர் அதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

சில பழக்கங்களைத் தவிர்க்கவேண்டும். கூட்டைப் பறித்து வரவேற்பறையில் தொங்கவிடும் ஆசை இன்னும் நம்மிடையே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்து அது காலியா இல்லையா என்று சொல்லமுடியாது என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள். படம் தெளிவாக வரவேண்டும் என்று மறைக்கும் இலைக்கிளையை ஒடிப்பவர்களும் உண்டு. அந்த இலைதான் கூட்டுக்குக் குடை. கைப்பேசியில் குருவியின் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். இரை போடாதீர்கள். சிங்கப்பூரின் வனவிலங்குச் சட்டப்படி காட்டுயிருக்கு உணவளிப்பதும் அனுமதியின்றிப் பிடிப்பதும் குற்றம்.

எப்போது தொடங்குவது? ஆண்டின் முதல் சில மாதங்களிலிருந்து நடுப்பகுதிவரை கூடு கட்டும் வேலை சுறுசுறுப்பாக இருக்கும். நீங்கள் போகும் நாளில் ஒரு மஞ்சள் தலைகூடத் தென்படாவிட்டாலும் திரும்பிவிடாதீர்கள். பழுப்புக் கூடுகள் தொங்கும் மரத்தைத் தேடி, வரைந்து, எண் போட்டுவிட்டு வாருங்கள். பழைய கூடுகளில் சில்லைக் குருவிகள் குடியேறுவதும் உண்டு. சின்னஞ்சிறு பழுப்புக் குருவி, மார்பில் மீன்செதில் போன்ற கோலம். அது எந்த எண்ணுள்ள கூட்டுக்குள் நுழைகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்தில் அதே மரத்துக்குத் தூக்கணாங்குருவிகள் திரும்பிவந்தால், எந்தக் கிளையை முதலில் பிடிக்கின்றன என்பதை உங்கள் பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.